கீழத்தெரு டெலிபோனில் கொட்டிய உப்பு

புன்னைக்குறிச்சி கீழத்தெருவில் ராஜகனி வீட்டு டெலிபோனிலிருந்து முதன்முதலாக உப்பு கொட்டியது ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், விளக்கு வைத்த கையோடு. மஸ்கட்டிலிருந்து மகள் ஜெயசுதா கூப்பிடுகிற நேரம் என்று ராஜகனி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள், "எம்மா" என்று ஒரு குரல் வந்தது, குரலுக்குப் பின்னாலேயே உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வந்தது, இரைச்சலுக்குப் பின்னாலேயே அவள் தோளில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. அவள் ஒரு கையால் ரிசீவரைப் பிடித்தபடி மறுகையால் தோளைத் தட்டினாள், தட்டியதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள், உப்பு என்று தெரிந்ததும், "சாப்பிட்டியா தாயி" என்று கேட்டாள்.

உப்பு என்றால் உப்பு. அதற்காகப் பெற்ற மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட்டுவிட முடியுமா? ராஜகனி அப்படிப்பட்டவள், வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் அடுப்பில் இருக்கிற பாலை இறக்கிவைத்துவிட்டுத்தான் சேலையைத் தூக்கிச் செருகுவாள். அன்றைக்கும் பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகுதான் கீழே குனிந்து பார்த்தாள். டெலிபோன் ஸ்டூலைச் சுற்றி வெள்ளை வெளேரென்று, நைசாக, உலர்ந்து கிடந்தது. உப்பை மிதிக்கக் கூடாது என்பதால் கட்டைவிரலை ஊன்றித் தாண்டிப் போய், புது விளக்குமாறும் சுளகும் எடுத்துவந்து, கூட்டி அள்ளி, காலியாக இருந்த ஊறுகாய் ஜாடியில் கொட்டி மூடிவைத்தாள். மறுநாள் அதைக் குழம்பில் போட்டாள். புருஷன் சுயம்புலிங்கம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமையலைப் பற்றி அந்த மனுஷன் வாயைத் திறந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் ராஜகனியின் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது உப்பு இல்லை, மகள் சொன்னதில் பாதி காதில் விழாததுதான். ஜெயசுதாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஆறாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது, படுக்கையை விட்டு அதிகம் எழும்பக் கூடாது என்று அங்கே உள்ள டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மருமகனுக்கு வேலை பாலைவனத்துக்குள்ளே. வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார், வரும்போது அவர் கையில் இருக்கிற செல்போன்தான் அவளுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம். அதிலிருந்து அவள் தாய்வீட்டு டெலிபோனுக்குப் பேசுவாள். கீழத்தெரு குளத்துக்கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்ததால் அங்கே எந்தச் செல்போனும் வாயைத் திறக்காது. "எம்மா, ஏழு மாசம் முடிஞ்சா பிளைட்டுல ஏத்த மாட்டாவளாம்" என்பதுவரை ராஜகனிக்குக் கேட்டது. "அதுக்குள்ள நான் அங்க" என்பதும் கேட்டது. அதற்கு மேல் உப்புதான்.

பேறுகாலத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வர வேண்டும், அதில் கேட்கவோ சொல்லவோ என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தது. சுயம்புலிங்கமும் அவர் தம்பி திரவியமும் அப்பா கண்ணை மூடிய மறுவருஷமே பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்வாசல் அண்ணனுக்கு, பின்வாசல் தம்பிக்கு. கிணறு காலையில் இவர்களுக்கு, மாலையில் அவர்களுக்கு. முருங்கை மரத்தில் தெற்குக் கொப்பு இவர்களுக்கு, வடக்குக் கொப்பு அவர்களுக்கு, நடுக்கொப்பில் காய்ப்பதை அணில் தின்னட்டும் என்று விட்டார்கள். இரண்டே இரண்டைத்தான் பிரிக்க முடியவில்லை. ஒன்று, அப்பா பேரில் இருந்த டெலிபோன். இன்னொன்று, நடு அறை. அந்த வீட்டில் பிறந்த பெண்கள் அத்தனை பேரும் பிள்ளை பெற்றுப் படுத்தது அந்த நடு அறையில்தான். எனக்கா உனக்கா என்று சண்டை முற்றியதில் அண்ணன் கதவில் ஒரு பூட்டைப் போட்டார், அதற்கு மேல் தம்பி ஒரு பூட்டைப் போட்டார், அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு அப்படி ஒரு அறை இருப்பதாகவே இரண்டு பக்கத்தாரும் வாயால் சொல்லுவதில்லை. சொன்னால் ஆசைப்படுகிறான் என்று ஆகிவிடும் அல்லவா. சுயம்புலிங்கம் பங்கில் மிஞ்சியது ஒரு கூடமும் ஒரு அடுக்களையும். கூடத்தில் தெருவில் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான், அடுக்களையில் புகை. வயிற்றுப்பிள்ளைக்காரியை எங்கே படுக்கவைப்பது என்று தெரியாமல்தான் ராஜகனி "வா" என்ற ஒரு எழுத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு தவித்தாள்.

ஆண்களுக்குத்தான் பேச்சு நின்றதே தவிர, பெண்களுக்குச் செய்தி நிற்கவில்லை. ராஜகனியின் ஓரகத்தி, திரவியத்தின் பெண்டாட்டி கனகமணி பின்முற்றத்தில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, ராஜகனி முன்முற்றத்தில் கோழியைக் கூப்பிட்டு, "ஏ கோழி, நாளைக்கு எங்க அத்தை தெவசம்னு உனக்கு ஞாபகம் இருக்கா" என்பாள். கனகமணி தன் ஆட்டைத் தடவிக்கொண்டே, "ஆடே, அதுக்குத்தான் நான் உளுந்து ஊறப் போட்டிருக்கேன், வேற ஒண்ணும் இல்ல" என்பாள். கோழிக்கும் ஆட்டுக்கும் அந்தக் குடும்பத்தின் சங்கதி எல்லாம் அத்துப்படி. ஊரில் யாரும் இதைப் பார்த்துச் சிரித்ததில்லை, ஏனென்றால் புன்னைக்குறிச்சியில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தன.

திரவியம் பின்வாசலில் நெட் சென்டர் வைத்தது அந்த வருஷம்தான். நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, வாசலில் ஒரு பலகை. இன்டர்நெட்டுக்குத் தனிக் கம்பி வேண்டாம், டெலிபோன் வருகிற அதே கம்பியிலேயே வரும் என்று ஆட்கள் வந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். தம்பி பின்பக்கம் நெட்டைப் போட்டால் அண்ணன் வீட்டு முன்பக்கம் உப்பு கொட்டும், நெட்டை அணைத்தால் நின்றுவிடும், அவ்வளவுதான் விவரம். இரைச்சல் எப்படி உப்பாகும் என்று கேட்டால், கேட்கிறவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் கீழத்தெருவில் நினைப்பார்கள். கடல் தண்ணீர் வெயிலில் உப்பாவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற சனங்கள் அவர்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெருக்காரர்கள் அந்த உப்பை வாங்கிக்கொண்ட அழகே அழகு. முதலில் வந்தவள் கருவாட்டுக்காரி இசக்கியம்மா; ஒரு ஓலைக் கொட்டான் உப்பு வாங்கிப்போய் சாளை மீனில் போட்டுப் பார்த்தாள், கருவாட்டில் ஒரு ஈ உட்காரவில்லை, மறுநாள் பெரிய கடகப் பெட்டியோடு வந்துவிட்டாள். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பு வெளியே போகக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், உப்போ விளக்கு வைத்த பிறகுதான் அதிகம் கொட்டியது, அதனால் ராத்திரி கொட்டியதைக் கூட்டி மூடிவைத்து, காலையில் கோலம் போட்டு முடித்ததும் கதவைத் திறந்து, வந்த கொட்டானுக்கெல்லாம் ராஜகனி அள்ளிப் போட்டாள், ஒருத்தரையும் இல்லை என்று அனுப்பவில்லை. குழந்தைக்குக் கண்ணேறு கழிக்க வாங்கிப்போனார்கள். அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவர்கள் இதைக் கொண்டுபோய்ப் போட்டதில் கழுத்து மரு உதிர்ந்ததாகச் சொன்னார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற இருவர் கேள்விப்பட்டு சைக்கிளில் வந்து, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்து, "இது வெயில் பாக்காத உப்பு, ஆனா நல்ல உப்பு" என்று சான்று கொடுத்துவிட்டு, ராஜகனி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ருசியிலும் ஒரு விஷயம் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவர்கள் அடுப்படிப் பெண்கள்தான். பின்பக்கம் பையன்கள் சினிமாப் பாட்டு இறக்கிய ஞாயிற்றுக்கிழமை உப்பில் லேசாக இனிப்பு தட்டியது, பாயசத்துக்கு ஒரு சிட்டிகை போதும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்குக் கொட்டிய உப்பு பாகற்காய் தோற்கிற கசப்பு, அதை யாரும் சீண்டவில்லை, தென்னைக்கு உரமாகப் போட்டார்கள், தென்னை அந்த வருஷம் குலைகுலையாகத் தள்ளியது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் கூட்டமாக வந்து நெட்டில் போட்டோ பார்த்த அன்றைக்குக் கொட்டிய உப்பு தண்ணீரில் லேசில் கரையாது, கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துவிடும். "மாப்பிள்ளை உப்பு இன்னும் கரையலக்கா" என்று தெருவில் ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அந்த நேரம் தெருப் பெண்கள் தாமாகவே ராஜகனி வீட்டுக்கு வந்து கூடிவிடுவார்கள். கொட்டுகிற உப்பு தரையில் விழுந்து சத்தம் போட்டால் இருக்கிற பேச்சும் கேட்காது என்று இசக்கியம்மா பழைய போர்வையை நாலாக மடித்துக் கீழே விரிப்பாள், இன்னொருத்தி ரிசீவருக்குக் கீழே சுளகைத் தாங்கிப் பிடிப்பாள், பிள்ளைகளை எல்லாம் தெருமுனைக்குத் துரத்திவிடுவார்கள், ஒருத்தியும் இருமமாட்டாள். நடுவில் ராஜகனி ரிசீவரைச் சாய்த்து, நிமிர்த்தி, காதுக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு, உப்பு விழுகிற நேரத்துக்கும் விழாத நேரத்துக்கும் நடுவில் மகளின் குரலைப் பொறுக்குவாள். கல் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான், ஆனால் இங்கே கல்தான் படி படியாக இருந்தது, அரிசி ஒன்றிரண்டு. அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததில் அவளுக்குக் கிடைத்தது: "கால் வீங்கி", "பயமா", "நீ ஒரு வார்த்தை". தோள், மடி, தலைமயிர் எல்லாம் வெள்ளையாக அவள் ரிசீவரை வைக்கும்போது, பெண்கள் யாரும் என்ன சொன்னாள் என்று கேட்பதில்லை. ஒருத்தி அவள் தலையைத் துவட்டிவிடுவாள், ஒருத்தி காப்பி போட்டுக்கொண்டு வருவாள்.

சுயம்புலிங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகள் கூப்பிடுகிற வெள்ளிக்கிழமை ராஜகனி போனை விட்டு நகரமாட்டாள் என்பதால், ஒரு திங்கட்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போய் திருச்செந்தூரில் ஒரு பூத்திலிருந்து, பாலைவனத்தில் இருந்த மருமகனைக் கூப்பிட்டார். "எப்படி இருக்கீய?" "இருக்கோம் மாமா." "சரி." வைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்து, "எல்லாம் சௌக்கியம்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். ராஜகனி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆம்பிளையிடம் ஆம்பிளை பேசினால் அதற்கு மேல் என்ன தேறும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த ஒரு நாழி நெட்டை அணைக்கச் சொல்லிக் கேட்டால் தீர்ந்தது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ராஜகனி கோழியிடம் சொன்னாள், கனகமணி ஆட்டிடம் சரி என்றாள், ராத்திரிச் சாப்பாட்டில் புருஷன் காதிலும் போட்டாள். "வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் கூட்டமே வருது. அணைக்கணும்னா எங்க அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், அணைக்கேன்" என்றார் திரவியம். அது சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து சேர்ந்ததும், "எங்க அப்பா பேர்ல உள்ள போனுக்கு நான் எதுக்கு அவன்கிட்டக் கேக்கணும்" என்றார் சுயம்புலிங்கம். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள்தான். ஒரே அச்சில் வார்த்தவர்கள், அதுதான் கோளாறு.

கடைசியில் லைன்மேன் சவரிமுத்துவைக் கூட்டிவந்தார்கள். அவர் உப்பைப் பார்த்து அசரவில்லை. டெலிபோன் பெட்டிக்குள் பூரான், பாம்பு, ஒரு தடவை முட்டையோடு ஒரு புறா எல்லாம் பார்த்தவர். ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டே பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார். "இதுக்குப் பேரு ஸ்பிளிட்டர். ஒரே கம்பியில ரெண்டு பேரு போறாவக்கா. பேச்சுக்குத் தடிச்ச குரல், நெட்டுக்குக் கீச்சுக்குரல். இந்தப் பெட்டியை நடுவுல மாட்டிட்டா கீச்சுக்குரலைப் போனுக்குள்ள விடாது. அவுகளும் பாக்கலாம், நீங்களும் பேசலாம்" என்றார். சுவரில் இருந்த ஒயரைப் பிடுங்கி, பெட்டியைச் செருகி, பெட்டிக்குள் ஒயரைச் செருகினார். ராஜகனி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

உப்பு பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை. "கம்பியில இன்னும் எங்கயாவது போன் இருக்கா? ஒரு போன் பெட்டி இல்லாம கிடந்தாலும் எல்லாத்தையும் கெடுத்துரும்" என்று கேட்டார் சவரிமுத்து. "இது ஒண்ணுதான்" என்றார் சுயம்புலிங்கம். பின்பக்கம் போய்க் கேட்டார். "முன்னால இருக்குதது ஒண்ணுதான், எங்ககிட்ட நெட்டு மட்டும்தான்" என்றார் திரவியம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை; நடு அறையை நினைக்கக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பழகினவர்களுக்கு, படுக்கையிலேயே பேசலாம் என்று கடைசிக் காலத்தில் அப்பா அந்த அறைக் கட்டில் தலைமாட்டில் இழுத்துவைத்துக்கொண்ட எக்ஸ்டென்ஷன் போன் எப்படி ஞாபகம் வரும்? சவரிமுத்து ஸ்பிளிட்டரை மாற்றினார், தபாலாபீஸ் முக்குக் கம்பத்திலிருந்து ஒயரை மாற்றினார், கம்பத்தின் மேல் குற்றம் சொன்னார், மழையின் மேல் குற்றம் சொன்னார். போகும்போது, "இது ஒண்ணு கையில கிடக்கட்டும்" என்று இன்னொரு பெட்டியை ராஜகனியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் இரண்டு பேர் அவரை மறித்து, ஊறுகாய் போடுகிற மாசம் முடியட்டுமே, அவசரப்படாமல் ரிப்பேர் பாருங்கள் என்று சொன்னதாகவும் பேச்சு. இசக்கியம்மா அவர்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

ஜெயசுதாவுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிற வாரம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பேசி முடிவு சொல்லாவிட்டால் பிளைட் இல்லை. ராஜகனிக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் யாரோ எவருக்கோ போட்ட போன் தவறி இங்கே அடித்தது. அவள் வேண்டுமென்றேதான் எடுக்காமல் நின்றாள், எடுத்தால் உப்பு, உப்பைக் கூட்டச் சக்தி இல்லை. எடுக்காமல் நின்றதில்தான் ஒன்றைக் கேட்டாள். கூடத்தில் மணி ஒரு தடவை அடித்தால், அதோடு சேர்ந்து சுவருக்கு அந்தப்பக்கம் அமுங்கலாக இன்னொரு மணி அடித்தது. இத்தனை நாளும் எதிரொலி என்று விட்டிருந்த சத்தம். அவள் சுவரில் காதை வைத்தாள், இரண்டு பூட்டுத் தொங்குகிற கதவில் காதை வைத்தாள், மணி ஓய்ந்த பிறகும் வைத்தபடி நின்றாள். பிறகு நேரே முன்முற்றத்துக்குப் போய், அங்கேயும் நிற்காமல், வேலி என்று யாரும் போடாமலேயே எல்லாரும் மதித்து வந்த அந்தக் கோட்டைத் தாண்டி, பின்முற்றத்துக்குப் போனாள். கனகமணி கொடியில் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். ராஜகனிக்குக் கோழி ஞாபகமே வரவில்லை.

"கனகு" என்றாள்.

கனகமணி சேலையை அப்படியே பிடித்தபடி நின்றாள். அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நடு ரூம்ல மாமா போன் ஒண்ணு கிடக்கு. அதுதான் சுதா குரலைத் திங்குது. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள அதைத் திறக்கணும். உன் வீட்டுச் சாவி எனக்கு வேணும்."

"அவுக தரமாட்டாவக்கா."

"நான் அவர்கிட்டக் கேக்கல. உன்கிட்டக் கேக்கேன்."

கனகமணிக்குப் பிள்ளை இல்லை. ஜெயசுதா நடக்கப் பழகியதும், காய்ச்சலில் படுத்ததும், முதன்முதலாகத் தாவணி கட்டியதும் அவள் கையில்தான். அந்தப் பிள்ளையை அவள் கையை விட்டுப் பிரித்தது பாகப்பிரிவினைதான். சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கு ஏற்றிவிட்டு ராஜகனி புருஷன் முன்னால் கையை நீட்டினாள். "சாவி."

"அவன் முதல்ல அவன் பூட்டைத் திறக்கட்டும்" என்றார் சுயம்புலிங்கம்.

"அவரும் திறக்க வேண்டாம், நீங்களும் திறக்க வேண்டாம், உங்க ரெண்டு பேரு கவுரவமும் அப்படியே இருக்கட்டும். நாங்க திறக்கோம். எம்மவ இன்னைக்குப் பேசலைன்னா பொறவு அந்த ரூம்ல யாரு படுக்க இருக்கா, சொல்லுங்க."

அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியின் முடிச்சு அவர் விரலுக்கு மசியவில்லை. அவளே குனிந்து அவிழ்த்துக்கொண்டாள். கதவடிக்கு அவள் போனபோது கனகமணி தன் சாவியோடு ஏற்கெனவே வந்து நின்றாள். எப்படி வாங்கினாள், கேட்டாளா எடுத்தாளா என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேல் பூட்டை அவள் திறந்தாள், கீழ்ப் பூட்டை இவள் திறந்தாள், இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளியதில் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு நகர்ந்தது, நகர்ந்த இடைவெளி வழியே உப்பு சரிந்து வந்து இருவர் பாதத்தையும் மூடியது.

அறை முழுக்க உப்பு. ஜன்னல் கட்டை உயரத்துக்கு, கட்டிலை மூடி, பீரோவைப் பாதி மூடி, மூலை முடுக்கெல்லாம் நிறைந்து, ஜன்னல் இடுக்கில் வந்த கடைசி வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. புது வீட்டுக்கு முதலில் உப்பைத்தான் கொண்டுபோய் வைப்பார்கள். கனகமணி அதைப் பார்த்தபடி, "நமக்கு முந்தி இது பால் காய்ச்சிருச்சேக்கா" என்றாள். ராஜகனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கியபோதே உப்புக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

கூடத்திலும் அடித்தது. மஸ்கட்தான், அந்த நேரத்துக்கு வேறு யார். கூடத்துக்கு ஓடி எடுத்தால் பழைய கதைதான் என்று இருவருக்கும் தெரியும். கனகமணி முழங்கால் புதைய உள்ளே இறங்கி, சத்தம் வந்த இடத்தில் இரண்டு கையாலும் தோண்டினாள். விளக்கு வைத்தாகிவிட்டது, உப்பை வெளியே தள்ளக் கூடாது என்று அந்த அவசரத்திலும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அள்ளியதை எல்லாம் கட்டில் பக்கமே வாரிப் போட்டாள். ராஜகனி சுவரைத் தடவி ஒயரைக் கண்டுபிடித்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், சுவரில் அது நுழைகிற இடத்தைப் பறித்துத் தோண்டி எடுத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். உப்புக்கு அடியில் மணி நின்றது, கூடத்து மணி மட்டும் தனியாக அடித்தது. இடுப்பில் செருகியிருந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து, சவரிமுத்து செய்தபடியே, முதலில் பெட்டியை, பிறகு பெட்டிக்குள் ஒயரைச் செருகினாள். நடு அறை மணி மறுபடி அடித்தது. கனகமணி தோண்டியெடுத்த போனை முந்தானையால் துடைத்து, உப்பு ஒட்டியிருந்த ரிசீவரை ராஜகனி கையில் கொடுத்தாள்.

வாசலில் அண்ணனும் தம்பியும் வந்து நின்றது அப்போதுதான். ஒருவர் முன்பக்கத்திலிருந்தும் ஒருவர் பின்பக்கத்திலிருந்தும் வந்தார்கள், ஒரு கதவு அகலத்தில் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள், இருவரும் உள்ளே காலை வைக்கவில்லை. நெட் சென்டரில் நாலு கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. ரிசீவரிலிருந்து ஒரு பொட்டு உப்புகூட விழவில்லை.

"எம்மா, கேக்குதா? எம்மா?" ஜெயசுதா தொண்டை கிழியக் கத்தினாள், பாவம், அவளுக்கு அதுதானே பழக்கம்.

"கேக்குது. கத்தாத தாயி. நல்லாக் கேக்குது."

ராஜகனிக்கு மகள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. பிறகு ஜெயசுதா மெல்லிய குரலில், இத்தனை வாரமும் உப்புக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை முதலிலிருந்து சொன்னாள். "நாளைக்கு டிக்கெட் எடுக்கணும்மா. நாளைக்கு விட்டா ஏத்த மாட்டாவ. அங்க எனக்குப் படுக்க இடம் இல்லன்னு எனக்குத் தெரியும், அதான் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கன்னு நெனச்சேன். நான் வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு, நான் வருத்தப்பட மாட்டேன். ஒரு வார்த்தை மட்டும் சொல்லும்மா."

எத்தனை வெள்ளிக்கிழமை இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியவள் ராஜகனி. இப்போது ஒரு இரைச்சலும் இல்லை, ஒரு எழுத்துப் போதும், அதுதான் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. வாயைத் திறந்தாள், மூடினாள், கண்ணில் நீர் கொட்டியது. "எம்மா? மறுபடி கேக்கலையா?" என்று மகள் பதறினாள். ராஜகனி தலையை மட்டும் ஆட்டினாள், டெலிபோனில் தலையை ஆட்டி யாருக்குத் தெரியும். கனகமணி அவள் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கினாள்.

"வா தாயி. நடு ரூம் திறந்து கிடக்கு. எப்ப பிளைட்டுன்னு மட்டும் சொல்லு, உங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கார்ல திருவனந்தபுரத்துக்கு வந்து நிப்பாவ."

வாசலில் நின்ற இருவரையும் அவள் கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவர்களும் இல்லை என்று சொல்லவில்லை. சுயம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார், அதைப் பார்த்துத் திரவியமும் மடித்துக் கட்டினார், இரண்டு பேரும் உள்ளே இறங்கி, கட்டில் மேல் குவிந்திருந்த உப்பை ஆளுக்கொரு பக்கமிருந்து கையால் ஒதுக்கத் தொடங்கினார்கள்.

"சித்தியா பேசுதது?" என்றாள் ஜெயசுதா.

"பின்ன யாரு."

மறுமுனையில் அந்தப் பிள்ளை அழத் தொடங்கினாள். மஸ்கட்டிலிருந்து கடல் தாண்டி, தபாலாபீஸ் முக்குக் கம்பம் தாண்டி, அந்த அழுகை ஒரு விம்மல்கூடச் சிந்தாமல் அப்படியே வந்து சேர்ந்தது. ராஜகனியும் கனகமணியும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை ஒட்டிவைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று நின்றார்கள்.